6.2-இல் நின்றுபோன மைபொக்

2023 ஏப்ரல் முதல் வாரம். வீட்டில் நானே காய்ச்சி, நான்கு வாரம் குளிரில் கிடந்த மைபொக் பீரை முதல் தடவையாகக் கோப்பையில் ஊற்றினேன். நிறம் நன்றாக இருந்தது, தெளிந்த பொன். நுரையும் நின்றது. பக்கத்தில் இருந்த நண்பன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். “மச்சான், வெண்ணெய் உருக்குன வாசம் வருதுடா. இனிப்பும் தூக்கலா இருக்கு.”

அவன் சொன்ன இரண்டும் சரி. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தால் 6.2 பிளேட்டோ. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்க ஆக்க இறங்கும் எண் இது. 4-க்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டிய பீர் அது. ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதமும், கண்டுபிடித்தது சரிதானா என்று உறுதி செய்ய அடுத்த குளிர்காலமும் ஆயின. அந்தக் கதையை எண்களோடு எழுதி வைக்கிறேன். மால்ட் பற்றியும், கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ பற்றியும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குளிரில் நொதிக்கவிட்டுக் குளிரிலேயே பதப்படுத்தும் பீர்தான் லாகர். வலுவான வெளிர் லாகரைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் ஈஸ்ட்தான் என்பதை என் கைப்படக் கற்றுக்கொண்டேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முன்னதாக ஒன்று. நான் இருப்பது மியூனிக்கில். ஜெர்மனியில் சொந்தக் குடிப்புக்காக வீட்டில் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. ஆண்டுக்கு 200 லிட்டர் வரை வரி இல்லை என்றிருந்ததை 2024 தொடக்கத்திலிருந்து 500 லிட்டராக உயர்த்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்ன பீர் இது

மைபொக் என்றால் மே மாதத்துப் பொக். பொக் என்ற பெயர் ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. வடக்கே ஐன்பெக் என்ற ஊரின் வலுவான பீர் ஒரு காலத்தில் வட ஐரோப்பிய நகரங்களின் கூட்டமைப்பான ஹன்சாவின் வணிகர்கள் வழியாக ஐரோப்பா முழுக்கப் போனது. பவேரிய அரச குடும்பம் அதைக் காசு கொடுத்து வரவழைத்துக் குடித்தது. பிறகு 1614-இல் எலியாஸ் பிக்லர் என்ற ஐன்பெக் காய்ச்சுநரையே மியூனிக்குக்குக் கொண்டுவந்து, அரசவை மதுச்சாலையான ஹோஃப்பிராய்ஹவுஸில் அதைச் செய்ய வைத்தார்கள். பவேரிய நாக்கில் ஐன்பெக் ‘ஐன்பொக்’ ஆகி, ‘பொக்’ மட்டும் மிஞ்சியது. ஜெர்மனில் பொக் என்றால் ஆட்டுக்கிடா. பாட்டில் லேபிள்களில் கிடா படம் வந்தது இப்படித்தான்.

ஜெர்மன் விதிப்படி பொக் என்று பெயர் வைக்க மூலச்சாறு குறைந்தது 16 பிளேட்டோ இருக்க வேண்டும். ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய இனிப்புச் சாற்றில், 100 கிராமுக்கு எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்பதுதான் பிளேட்டோ. பெரும்பாலும் சர்க்கரை. இந்த ஊரின் அன்றாட வெளிர் லாகரான ஹெல்லஸ் 11, 12-இல் இருக்கும். நான் வைத்த இலக்கு 17. அது 4-க்கு இறங்கினால் ஆல்கஹால் 7 சதவீதம் வரும்.

இதில் வெளிர் நிறம் என்பதுதான் கஷ்டமே. பொக்கைவிட வலுவான கறுப்பு டொப்பல்பொக்கில் வறுத்த மால்ட்டின் வாசம் சின்னச் சின்னக் குறைகளை மூடிவிடும். வெளிர் லாகரில் மூட எதுவும் கிடையாது. வெண்ணெய் வாசம் துளி இருந்தாலும் மூக்குக்குத் தெரியும்.

முதல் ஈடு

20 லிட்டருக்கு 4.5 கிலோ பில்ஸ்னர் மால்ட், 1.2 கிலோ வெளிர் மியூனிக் மால்ட், 300 கிராம் காராஹெல் என்ற வெளிர் கேரமல் மால்ட். நம் ஊரில் மால்ட் என்றவுடன் கேழ்வரகு மால்ட்தான் நினைவுக்கு வரும். விஷயம் அதேதான், முளைகட்டி உலர்த்திய தானியம். இங்கே பார்லி.

மியூனிக் குழாய்த் தண்ணீர் கடினமானது, கார்பனேட் அதிகம். இந்த ஊர் நெடுங்காலம் கறுப்பு பீருக்குப் பேர் போனதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம், கருத்த மால்ட்டின் அமிலத்தன்மை கார்பனேட்டைச் சமன் செய்துவிடும். வெளிர் மால்ட்டால் அது முடியாது. அதனால் தண்ணீரை முதல் நாளே கொதிக்க வைத்து, அடியில் படிந்த சுண்ணாம்பை விட்டுவிட்டு மேல் தண்ணீரை இறுத்துக்கொண்டேன். கூடவே 180 கிராம் புளிப்பு மால்ட். மொத்தத் தானியத்தில் 1 சதவீதம் புளிப்பு மால்ட் சேர்த்தால் பிஎச் 0.1 இறங்கும் என்பது மால்ட் ஆலைகள் சொல்லும் கணக்கு. மாஷ், அதாவது வெந்நீரில் ஊறும் தானியக் கலவை, பிஎச் 5.4-இல் நின்றது.

18 லிட்டர் தண்ணீரில் தானியத்தைக் கொட்டி, 63 டிகிரியில் 45 நிமிடம், 72-இல் 30 நிமிடம், பிறகு 78-க்கு ஏற்றி வடிகட்டினேன். 63-இல் வேலை செய்யும் நொதி ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய மால்ட்டோஸை வெட்டித் தரும். 72-இல் வேலை செய்வது மிச்ச மாவுச்சத்தை உடைக்கும், ஈஸ்ட் தொடாத நீளச் சங்கிலிகளையும் கொஞ்சம் விட்டுவைக்கும். அயோடின் சொட்டு நீலமாகவில்லை, மாவுச்சத்து தீர்ந்தது என்று அர்த்தம். சாறு கெட்டியாக வேண்டும் என்பதால் 14 லிட்டர் தண்ணீரால்தான் தானியத்தைக் கழுவினேன். கொஞ்சம் சர்க்கரை சக்கையிலேயே தங்கிவிடும். இந்த வலுவில் அதற்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூடி போடாமல் 90 நிமிடம் கொதி. பில்ஸ்னர் மால்ட்டில், சூடுபட்டால் வேகவைத்த சோள வாசம் தரும் ஒரு சேர்மம் இருக்கிறது. அது ஆவியோடு வெளியேற நேரமும் திறந்த வாயும் வேண்டும். கசப்புக்கு 20 கிராம் மேக்னம் ஹாப்ஸ், கடைசி 10 நிமிடத்தில் 30 கிராம் ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ. இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் போனால் அந்த ஹாப்ஸ் கொடிகள் ஏறும் கம்பங்களையே பார்க்கலாம்.

ஆறவைத்துக் குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் சாறு 9 டிகிரி, 17.0 பிளேட்டோ. டபிள்யூ-34/70 உலர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட், 23 கிராம், தூவினேன். வைஹன்ஸ்டெஃபான் ஈஸ்ட் வங்கியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய லாகர் ஈஸ்ட் அது.

நுரை கட்ட 40 மணி நேரம் ஆனது. அப்போதே மனசு உறுத்தியது, ஆனாலும் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் மெதுவாகக் குமிழி வந்தது. 21-ஆம் நாள் நின்றது. குமிழி நின்றால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, ஹைட்ரோமீட்டரில் அளக்காமலே பெட்டியை ஒரே நாளில் 2 டிகிரிக்கு இறக்கினேன். இங்கே நான் செய்தது தவறு. இதன் பலன்தான் ஏப்ரலில் கோப்பையில் வந்தது.

யார் மேல் சந்தேகம்

முதலில் அளவுக் கருவி. ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது 10-க்கு மேல் காட்டி என்னைத் திடுக்கிட வைத்தது. ஆல்கஹாலும் ஒளியை வளைப்பதால் நொதித்த பீரில் அது எப்போதும் கூட்டித்தான் காட்டும். வாயுவை நன்றாகக் கலக்கி வெளியேற்றி, 20 டிகிரியில் ஹைட்ரோமீட்டரில் மூன்று முறை பார்த்தேன். 6.2 உறுதி.

அடுத்து மாஷ். தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டி, உண்மையில் 67, 68 டிகிரியில் மாஷ் செய்திருந்தால் ஈஸ்ட் தின்ன முடியாத சங்கிலிகள் நிறைய உருவாகியிருக்கும். பனிக்கட்டித் தண்ணீரில் 0.3 காட்டியது. கொதிநீரில் 98.3 காட்டியவுடன், கருவி ஒன்றரை டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டுகிறது, குற்றவாளி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் கழித்துத்தான் உறைத்தது. மியூனிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 520 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் கொதிப்பதே 98-க்குச் சற்று மேலேதான். கருவியில் குற்றம் இல்லை.

மாஷ் மேலான சந்தேகத்தை மொத்தமாகத் தீர்த்தது வேறொரு சோதனை. 300 மில்லி பீரை எடுத்து, அரை பாக்கெட் ஈஸ்ட்டைத் தண்ணீரில் எழுப்பி அதில் கொட்டி, 24 டிகிரியில் அடிக்கடி குலுக்கியபடி ஐந்து நாள் வைத்தேன். இவ்வளவு ஈஸ்ட்டும் இவ்வளவு சூடும் இருந்தால், தின்னக்கூடிய சர்க்கரை எது மிச்சம் இருந்தாலும் தீர்ந்துவிடும். ஆறாம் நாள் ஹைட்ரோமீட்டர் 4.1-இல் நின்றது.

அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. சாறு நல்ல சாறு. சர்க்கரை அங்கேயே இருந்தது. என் ஈஸ்ட்தான் அதைத் தின்னாமல் பாதியில் படுத்துவிட்டது. மாஷில் நான் எதைத் திருத்தியிருந்தாலும் அது வீண் வேலையாகப் போயிருக்கும்.

ஈஸ்ட் கணக்கு

இரண்டு பாக்கெட் போதும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. தயாரிப்பாளரின் குறிப்பு 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம் என்கிறது. 20 லிட்டருக்கு 23 கிராம் என்றால் அந்த வரம்புக்குள் வருகிறது. ஆனால் அந்தக் குறிப்பு 12 முதல் 18 டிகிரி வரைக்கும் உரியது, அதற்குக் கீழே போனால் கூட்டு என்றும் அதிலேயே இருக்கிறது. நான் காய்ச்சியது 9 டிகிரியில், அதுவும் 17 பிளேட்டோவில்.

லாகருக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒரு மில்லிக்கு, ஒரு பிளேட்டோவுக்கு 15 லட்சம் செல்கள். 17 பிளேட்டோ, 20 லிட்டர் என்று பெருக்கினால் 51,000 கோடி. உலர் ஈஸ்ட்டில் கிராமுக்குக் குறைந்தது 600 கோடி உயிர்ச்செல் என்பது உத்தரவாதம். 23 கிராமுக்கு 13,800 கோடி. நடைமுறையில் கூடுதலாகவே இருக்கும். இரட்டிப்பாகவே வைத்துக்கொண்டாலும் தேவையில் பாதியைச் சற்றுத்தான் தாண்டும்.

செல் குறைவாக இருந்தால் என்ன, பெருகிக்கொள்ளாதா என்று கேட்கலாம். பெருகும். ஆனால் கெட்டிச் சாற்றில், குளிரில், ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு பிளவிலும் செல்லின் சவ்வு மெலிகிறது. சவ்வைக் கட்ட ஈஸ்ட்டுக்கு ஸ்டெரால் வேண்டும், ஸ்டெராலைத் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும். நொதிப்பு தொடங்கியபின் ஆக்சிஜன் கிடையாது. இருப்பதைத் தாய்ச்செல்லும் மகள்செல்லும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பலமுறை பிளந்த செல்கள் 5 சதவீத ஆல்கஹாலைத் தாண்டும் இடத்தில் தளர்ந்துபோகின்றன. அந்தத் தளர்ந்த கூட்டத்தின் மேல்தான் நான் ஒரே நாளில் 2 டிகிரிக் குளிரைப் போட்டேன்.

வெண்ணெய் வாசமும் இதே இடத்திலிருந்து வந்ததுதான். ஈஸ்ட் பெருகும்போது அசெட்டோலாக்டேட் என்ற பொருள் செல்லிலிருந்து வெளியே கசியும். அது தானாகவே மெல்ல டைஅசெட்டைலாக மாறும், அந்த டைஅசெட்டைல்தான் வெண்ணெய். நலமாக இருக்கும் ஈஸ்ட் கடைசியில் அதைத் திரும்ப உள்ளே இழுத்து வாசமில்லாத பொருளாக மாற்றிவிடும். அதற்குத் தெம்பும் கொஞ்சம் சூடும் வேண்டும். என் ஈஸ்ட்டுக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

முதல் ஈட்டைக் காப்பாற்ற முயன்றேன். பீரை 16 டிகிரிக்கு ஏற்றி, தனியாகக் காய்ச்சிய ஒன்றரை லிட்டர் சாற்றில் ஈஸ்ட் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படியே சேர்த்தேன். ஆல்கஹாலில் உலர் ஈஸ்ட்டை நேரே தூவினால் பெரும்பாலும் பயனில்லை, ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்தான் வேண்டும். 12 நாளில் 4.9-க்கு வந்தது. வெண்ணெய் போய்விட்டது. ஆனால் திறந்து மூடியதில் காற்றுப் பட்டு, ஜூனுக்குள் பழைய தேனின் வாசமும் நனைந்த அட்டை வாசமும் ஏறிவிட்டன. குடித்துத் தீர்த்தோம். மைபொக் என்று யாருக்கும் ஊற்றவில்லை.

இரண்டாம் ஈடு

என் முடிவு சரி என்றால் மால்ட், தண்ணீர், மாஷ், ஹாப்ஸ் எதையும் தொடாமல் ஈஸ்ட் பக்கத்தை மட்டும் மாற்றினாலே பீர் இறங்க வேண்டும். அதனால் செய்முறைத் தாளை அப்படியே வைத்துக்கொண்டேன். ஹாப்ஸை மட்டுமாவது மாற்றிப் பார்க்கக் கை பரபரத்தது. மாற்றியிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே அர்த்தம் இருந்திருக்காது.

2024 ஜனவரியில் முதலில் 12 பிளேட்டோவில் 20 லிட்டர் ஹெல்லஸ் போட்டேன். அது நல்ல பீர், குடிக்கத்தான் செய்தோம், ஆனால் அதைச் செய்ததன் நோக்கம் அடியில் தங்கும் ஈஸ்ட். பிப்ரவரியில் ஹெல்லஸை வடித்தபின், கெட்டியான வெளிர் வண்டலில் 450 மில்லியைச் சுத்தமான ஜாடியில் எடுத்தேன். கெட்டி வண்டலில் மில்லிக்கு 100 முதல் 150 கோடி செல்கள் இருக்கும் என்று வைத்தால் 45,000 கோடியிலிருந்து 67,500 கோடி. தேவையான 51,000 அதற்குள் வந்துவிடுகிறது. அடுத்த நாளே மைபொக் சாற்றைக் காய்ச்சினேன். வண்டலை வாரக்கணக்கில் வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, செல்கள் செத்துக்கொண்டே இருக்கும்.

ஆக்சிஜன் விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. புது உலர் ஈஸ்ட் ஆலையிலேயே காற்றோட்டத்தில் வளர்ந்து ஸ்டெராலைச் சேமித்துக்கொண்டு வருவதால் அதற்கு ஆக்சிஜன் அவ்வளவு முக்கியமில்லை. ஒரு பீரை முடித்துவிட்டு வந்த வண்டலுக்கு அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும். வாளியைக் குலுக்கினால் கெட்டிச் சாற்றில் லிட்டருக்கு 8 மில்லிகிராம்கூட ஏறாது. அதனால் சின்ன ஆக்சிஜன் உருளையும் நுண்துளைக் கல்லும் வாங்கி, ஒரு நிமிடம் தூய ஆக்சிஜன் விட்டேன்.

சாறு 8 டிகிரி, ஈஸ்ட்டும் அதே குளிரில். 17.1 பிளேட்டோ. கொஞ்சம் சாற்றைத் தனியாக எடுத்து நிறைய ஈஸ்ட் போட்டு அறையின் சூட்டில் வைத்தேன். போன வருடம் முடிந்தபின் செய்த அதே சோதனை, இந்தமுறை முதல் நாளிலேயே. நான்காம் நாள் அது 4.0-இல் நின்றது. பெரிய வாளி எங்கே போய் நிற்க வேண்டும் என்று அங்கே போகுமுன்பே தெரிந்துவிட்டது. இந்த ஒரு பழக்கத்தை முதல் ஈட்டிலேயே வைத்திருந்தால் 6.2-இல் குளிர வைத்திருக்கவே மாட்டேன்.

16 மணி நேரத்தில் நுரை கட்டியது. 9 டிகிரியில் பிடித்து வைத்தேன். மூன்றாம் நாள் 13.4, ஐந்தாம் நாள் 9.8, ஏழாம் நாள் 6.9. போன வருடம் மூன்று வாரம் போய் நின்ற இடத்தை இது எட்டாம் நாளே தாண்டியது. ஏழாம் நாளிலேயே சூட்டை 13-க்கும், அடுத்த இரண்டு நாளில் 15-க்கும் விட்டேன். ஈஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூட்டைக் கூட்ட வேண்டும், நின்றபின் கூட்டினால் பாதிப் பலன்தான். பத்தாம் நாள் 4.9, பதின்மூன்றில் 4.3, பதினைந்தில் 4.2.

அப்போதும் குளிர வைக்கவில்லை. இரண்டு சின்னக் குப்பியில் பீர் எடுத்து, ஒன்றை மூடி 65 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவைத்து, இரண்டையும் முகர்ந்தேன். ஒளிந்திருக்கும் அசெட்டோலாக்டேட் சூட்டில் டைஅசெட்டைலாக மாறி வெளியே வந்துவிடும். சூடுகாட்டிய குப்பியில் லேசாக வெண்ணெய் தெரிந்தது, மற்றதில் இல்லை. அதாவது குளிரில் மாதம் முழுக்கக் கிடந்து பிறகு வெளிப்படக் காத்திருந்த வெண்ணெய் அது. இன்னும் மூன்று நாள் 15 டிகிரியிலேயே விட்டேன். 18-ஆம் நாள் இரண்டு குப்பியும் ஒரே வாசம்.

அப்புறம்தான் நாளுக்கு 1 டிகிரி வீதம் இறக்கி, 1 டிகிரியில் ஏழு வாரம் வைத்தேன். இந்தக் குளிர்ப் பொறுமை இந்த மண்ணுக்குப் பழையது. 1553-இலிருந்தே பவேரியாவில் ஏப்ரல் 23-க்கும் செப்டம்பர் 29-க்கும் இடையே காய்ச்சத் தடை இருந்தது. கோடையில் பீர் கெட்டுப்போவதைப் பார்த்துப் போட்ட சட்டம். குளிரில் மட்டும் காய்ச்சிக் காய்ச்சி, குளிரைத் தாங்கும் ஈஸ்ட்தான் இங்கே நிலைத்தது. அந்த லாகர் ஈஸ்ட் இரண்டு இனங்களின் கலப்பு. ஒன்று ரொட்டிக்கும், சற்றுச் சூட்டில் நொதிக்கும் ஏல் வகை பீருக்கும் பயன்படுவது. இன்னொரு பெற்றோர் காட்டு இனம், தென் அமெரிக்கத் தென்கோடியான படகோனியாவின் காடுகளில் அதைக் கண்டுபிடித்த செய்தி 2011-இல்தான் வந்தது. குளிரைத் தாங்கும் குணம் அந்தக் காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. 9 டிகிரியில் வாளிக்குள் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

மே முதல் சனிக்கிழமை, பீரை அடைத்து வைத்த கெக் உருளையைத் திறந்தேன். லிட்டருக்கு 5 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 7 சதவீதம் ஆல்கஹால். ரொட்டியின் மேல்தோல் வாசம், மெல்லிய பூ வாசம், முடிவில் உலர்ந்த கசப்பு. முதல் மிடறில் இனிப்பு தெரிந்தது, விழுங்கியபின் நாக்கில் ஒட்டவில்லை. அதே நண்பனிடம் கொடுத்தேன். “போன வருஷம் போட்டதேதானா இது?” என்றான். அதே மால்ட், அதே தண்ணீர் என்றேன். இரண்டாவது கோப்பையை அவனே போய் ஊற்றிக்கொண்டான்.

குறை ஒன்று உண்டு. நிறம் நான் நினைத்ததைவிட ஒரு படி கருத்திருந்தது, 90 நிமிடக் கொதியில் கெட்டிச் சாறு கருகுவதால் என்று நினைக்கிறேன். அடுத்த ஈட்டில் மியூனிக் மால்ட்டை 1.2-லிருந்து 0.8 கிலோவாகக் குறைத்து, அந்த 400 கிராமையும் பில்ஸ்னர் மால்ட்டாகப் போடப் போகிறேன். கெக்கிலிருந்து ஆறு பாட்டில் நிரப்பி ஆகஸ்ட் வரை வைத்துப் பார்த்தேன். ஜூலை முடிவில் ஹாப்ஸ் வாசம் மங்கி, தேன் வாசம் மெல்லத் தலைகாட்டியது. கெக்கில் இருந்தது அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.